கடைமடைக்கும் அதே நொடியில்: காமா கதிர் வெடிப்புகளுக்கான ஜி.சி.என். மின்னஞ்சல் சேவை – பயன்படுத்தியவனின் மதிப்புரை

2022 அக்டோபர் 9, ஞாயிற்றுக்கிழமை, புரட்டாசிப் பௌர்ணமி. அன்று மாலை ஆறே முக்கால் மணி சுமாருக்குப் பாபநாசம் பக்கத்திலுள்ள எங்கள் வயலில், நட்டுப் பத்து நாள் ஆன சம்பாப் பயிருக்கு மடையைத் திருப்பிவிட்டு, கிழக்கே ஏறிக்கொண்டிருந்த நிலாவைப் பார்த்தபடி வரப்பில் நின்றிருந்தேன். அதே நிமிடத்தில் என் தலைக்கு மேலே, உச்சியிலிருந்து சற்றே வடமேற்காக, 190 கோடி ஆண்டுகள் பயணம் செய்து வந்த காமா கதிர்களின் அலை ஒன்று பூமியைக் கடந்துகொண்டிருந்தது. பெருவிண்மீன் சரியும்போதோ விண்மீன்கள் மோதும்போதோ சிறிது நேரம் பீறிடும் காமா கதிர்களையே காமா கதிர் வெடிப்பு என்கிறார்கள்; இதுவரை பதிவானவற்றில் மிகப் பிரகாசமானது அதுதான். திருவோண விண்மீனிலிருந்து, கையை நீட்டிப் பிடித்தால் ஒரு சாணுக்கும் குறைவான தொலைவில் அது நிகழ்ந்தது. காற்றுமண்டலம் அந்தக் கதிர்களை மேலேயே உறிஞ்சிவிடுவதால் தரையில் நிற்பவனுக்கு எதுவும் தெரிந்திருக்க வழியில்லை என்பது உண்மைதான். ஆனாலும் நான்கு நாள் கழித்துச் செய்தித்தாளில் படித்து, விண்மீன் வரைபடத்தை விரித்துக் கணக்குப் போட்டு, எங்கள் ஊர் உச்சியில் நடந்த காரியம் என்று தெரிந்துகொண்டபோது, சொந்தத் தெருவில் தேர் வந்து போனதை மறுநாள் கேள்விப்பட்டவனைப் போல ஆனேன். அந்த ஆற்றாமையில் பதிந்துகொண்டதுதான் ஜி.சி.என். (ஜெனரல் கோஆர்டினேட்ஸ் நெட்வொர்க்) என்ற அறிவிப்புச் சேவை. மூன்று ஆண்டுகளுக்கு மேல் பயன்படுத்திய பிறகே இதை எழுதுகிறேன்.

நான் அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் இயற்பியல் ஆசிரியர், வானியலாளன் அல்லன். ஆகவே என்னைப் போன்ற ஆசிரியர்களுக்கும், வானத்தைப் பார்க்கிற பழக்கமுள்ள மாணவர்களுக்கும் இந்தச் சேவை எந்த அளவுக்குப் பயன்படும் என்ற கோணத்தில் மட்டுமே சொல்ல முடியும்.

முதலில் இது என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். விண்ணில் சுற்றும் ஒரு தொலைநோக்கி காமா கதிர் வெடிப்பைப் பதிவு செய்ததும், அது எப்போது நிகழ்ந்தது, எந்தத் திசையில் நிகழ்ந்தது என்பதைச் சில நொடிகளுக்குள் பதிவு செய்துகொண்ட அனைவருக்கும் அனுப்பிவைப்பதே ஜி.சி.என். செய்யும் வேலை. நாசாவின் கோடார்டு விண்வெளி மையத்தில் ஸ்காட் பார்த்தல்மி 1990களில் தொடங்கிவைத்தது. அப்போது காம்ப்டன் விண்வெளி ஆய்வகத்திலிருந்த பாட்சே என்ற கருவியின் பதிவுகளை மட்டுமே அனுப்பிக்கொண்டிருந்தது. பிற்பாடு மற்றச் செயற்கைக்கோள்களும் சேர்ந்தன. ஈர்ப்பலைகள், நியூட்ரினோக்கள் பற்றிய அறிவிப்புகளும் வரத் தொடங்கியதால், பெயரின் முதலெழுத்து காமா கதிர் வெடிப்பைக் குறித்தது போய், ‘பொது’ என்ற பொருளில் மாறி, 2022இல் புதிய இணையதளமாகவும் திறக்கப்பட்டது. கட்டணம் எதுவும் கிடையாது.

இதன் அருமையை உணர ஓர் ஒப்பீடு போதும். அணுகுண்டுச் சோதனைத் தடை ஒப்பந்தம் மீறப்படுகிறதா என்று கண்காணிக்க அமெரிக்கா ஏவிய வேலா செயற்கைக்கோள்கள் 1967 ஜூலை 2 அன்று முதல் காமா கதிர் வெடிப்பைப் பதிவு செய்தன. அப்படி ஒரு நிகழ்ச்சி உண்டு என்று ஆய்விதழ் வழியாக உலகுக்குத் தெரியவந்தது 1973இல். ஆறு ஆண்டுகள். இன்று என் கைப்பேசிக்கு வருவதற்கு ஒரு நிமிடம்கூட ஆவதில்லை. மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணை வந்து, அங்கிருந்து வெண்ணாறும் வெட்டாறும் கடந்து கடைமடைக்குப் போய்ச் சேர்வதற்குள் எத்தனை நாள், எத்தனை பஞ்சாயத்து என்று அறிந்தவர்கள் நாம். இந்த வாய்க்காலில் தலைமடை, கடைமடை என்ற பேதமே இல்லை. சிலியில் எட்டு மீட்டர் தொலைநோக்கியின் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கும் பாபநாசத்தில் மோட்டார் கொட்டகையில் நிற்பவனுக்கும் ஒரே மடல், ஒரே நொடியில் புறப்படுகிறது.

பதிவு செய்வது எளிது. ஒரு மின்னஞ்சல் முகவரி இருந்தால் பதினைந்து நிமிட வேலை. எந்தச் செயற்கைக்கோளின் எந்த வகை அறிவிப்பு வேண்டும், எந்த வடிவில் வேண்டும் என்று கட்டங்களில் குறியிட வேண்டும். இங்கேதான் நான் சறுக்கினேன். ஓசியில் கிடைக்கிறதே என்று எல்லாக் கட்டங்களிலும் குறியிட்டுவிட்டேன். நாசாவின் ஸ்விஃப்ட் விண்வெளித் தொலைநோக்கி அடுத்ததாக எந்தப் பக்கம் திரும்பப் போகிறது என்பதற்குக்கூட ஓர் அறிவிப்பு வகை உண்டு என்பதும், அது ஒரு நாளில் பல முறை திரும்பும் என்பதும் அப்போது எனக்குத் தெரியாது. விடியும்வரை கைப்பேசி கிர்ர் கிர்ர் என்று அதிர்ந்துகொண்டே இருந்தது. எங்கள் வீட்டம்மா, ‘யாருக்கோ என்னமோ ஆயிடுச்சுபோல, எடுத்துத்தான் பாருங்களேன்’ என்று பதறி எழுந்ததுதான் மிச்சம். மறுநாளே பாதிக்கு மேல் குறிகளை எடுத்தேன். போதாக்குறைக்கு, நான் பயன்படுத்திய மின்னஞ்சல் நிறுவனம், ஒரே சாயலில் வந்த இந்த மடல்களைக் குப்பைப் பெட்டியில் தள்ளத் தொடங்கியது; மூன்று வாரம் எதுவும் வரவில்லையே என்று காத்திருந்துவிட்டுப் பிறகுதான் கண்டுபிடித்தேன். அனுப்புநர் முகவரியை நம்பகமானது என்று குறித்துவைத்த பின் அந்தத் தொல்லை இல்லை.

இனி மடலைப் பார்ப்போம். இதை நேரில் பார்க்காதவர்கள் படமும் விளக்கமும் எதிர்பார்ப்பார்கள். வருவதோ, தந்தி பாஷையில் இருபது முப்பது வரிகள். இடப்பக்கம் பெரிய எழுத்தில் ஒரு சுருக்கப் பெயர், வலப்பக்கம் ஓர் எண். வெடிப்பு நிகழ்ந்த நேரம், உலகப் பொது நேரத்தில் நள்ளிரவிலிருந்து எத்தனையாவது விநாடி என்று கொடுக்கப்பட்டிருக்கும். 56,789 என்று இருந்தால், நம் நேரத்துக்கான ஐந்தரை மணியை, அதாவது 19,800 விநாடியைக் கூட்டி, இரவு 9 மணி 16 நிமிடம் 29 விநாடி என்று நாம்தான் பெயர்த்துக்கொள்ள வேண்டும். (பக்கத்திலேயே மணி, நிமிடமாகவும் கொடுத்திருப்பார்கள் என்றாலும் மாணவர்களை விநாடிக் கணக்குதான் போட வைக்கிறேன், அந்தக் கணக்கில் அவர்களுக்கு ஒரு பெருமை.) அடுத்து, வானத்தில் இடத்தைக் குறிக்கும் வல ஏற்றம், நடுவரை விலக்கம், உண்மையான இடம் எதற்குள் இருக்கலாம் என்று காட்டும் பிழை வட்டத்தின் அளவு, வெடிப்பின் இடத்திலிருந்து சூரியனும் நிலாவும் எவ்வளவு தள்ளியிருக்கின்றன, நிலா எத்தனை விழுக்காடு ஒளிர்கிறது என்பவை. ஃபெர்மி என்ற நாசா செயற்கைக்கோள் அனுப்பும் மடலில் இன்னொரு வரி உண்டு. இது காமா கதிர் வெடிப்பாக இருக்க வாய்ப்பு எத்தனை விழுக்காடு, வேறொன்றாக இருக்க எத்தனை என்று அந்தச் செயற்கைக்கோளின் கணினியே போட்ட மதிப்பீடு அது. முதலில் நான் தேடுவது அந்த வரியைத்தான்.

ஒரு வெடிப்புக்கு ஒரு மடல் என்று நினைத்துவிடக் கூடாது. ஃபெர்மியின் முதல் மடலில் ‘ஏதோ ஒன்று நிகழ்ந்தது’ என்பதைத் தவிரத் திசைகூட இருக்காது. சில நொடிகளில் செயற்கைக்கோள் தானே கணித்த திசை வரும். பிறகு தரையிலுள்ள கணினிகள் திருத்திய திசை வரும். அதன்பின் இறுதித் திசை. ஒவ்வொன்றிலும் எண்கள் நகர்ந்துகொண்டே போகும். இரண்டாவது மடலை வைத்துக்கொண்டு தொலைநோக்கியைத் திருப்பியவர்கள் மூன்றாவது மடல் வந்ததும் மறுபடி திருப்ப வேண்டியிருக்கும். இது குறை அல்ல. கருவிகளின் இயல்பு அப்படி. அதைப் புரிந்துகொண்டால்தான் இந்தச் சேவையைச் சரியாக மதிப்பிட முடியும் என்பதால் சற்று விரித்துச் சொல்கிறேன்.

காமா கதிரை ஆடியாலோ வில்லையாலோ குவிக்க முடியாது. அது ஊடுருவிப் போய்விடும். 2008 ஜூன் 11 அன்று ஏவப்பட்ட ஃபெர்மியின் வெடிப்புக் கண்காணிப்புக் கருவியில் சோடியம் அயோடைடு படிகத் தட்டுகள் 12 இருக்கின்றன, ஒவ்வொன்றும் 12.7 சென்டிமீட்டர் குறுக்களவும் விரல் கனமும் கொண்டது. காமா கதிர்த் துகள் உள்ளே விழுந்தால் படிகம் மினுங்கும். அந்த மினுக்கை எண்ணுவதே வேலை. கதிரின் ஆற்றலை எலக்ட்ரான் வோல்ட் என்ற அலகில் சொல்வார்கள்; இவை 8 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டிலிருந்து 10 இலட்சம் எலக்ட்ரான் வோல்ட் வரை பார்க்கும். அதற்கு மேல் 4 கோடி எலக்ட்ரான் வோல்ட் வரை பார்க்க, பிஸ்மத் ஜெர்மனேட்டு என்ற கனமான படிகங்கள் இரண்டு. பன்னிரண்டு தட்டுகளும் பன்னிரண்டு திசை பார்த்து நிற்கின்றன. ஐப்பசி மாதத்தில் சாரல் அடித்து ஓய்ந்த பின் வீட்டின் நாலு சுவரில் எது எவ்வளவு நனைந்திருக்கிறது என்று பார்த்து, மழை எந்தப் பக்கமிருந்து அடித்தது என்று சொல்கிறோமே, அதே உத்திதான். கதிருக்கு நேர்முகமாக நின்ற தட்டு அதிகமாக எண்ணியிருக்கும், சாய்ந்து நின்றது குறைவாக எண்ணியிருக்கும். குறைந்தது இரண்டு தட்டுகளில் ஒரே சமயத்தில் எண்ணிக்கை வழக்கத்தை மீறி எழுந்தால்தான் மடலே புறப்படும். பூமி மறைக்கும் பகுதி போக மீதி வானம் முழுவதையும் ஒரே நேரத்தில் பார்ப்பது இதன் பலம். அதனால்தான் ஆண்டுக்குச் சுமார் 240 வெடிப்புகள் இதில் சிக்குகின்றன. ஆனால் நனைந்த சுவரை வைத்துத் திசையைத்தான் சொல்லலாம், மேகத்தை விரல் நீட்டிக் காட்ட முடியாது. பிழை வட்டத்தின் ஆரம் நான்கு பாகை என்று மடலில் இருந்தால், அந்த வட்டத்துக்குள் 250 முழுநிலாக்களைப் பரப்பி வைக்கலாம்.

ஸ்விஃப்ட்டின் கதை வேறு. 2004 நவம்பர் 20 அன்று ஏவப்பட்ட அதன் வெடிப்பு எச்சரிக்கைத் தொலைநோக்கிக்கு மேலே, ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட சிறு ஈயத் துண்டுகளை ஒழுங்கின்றி ஒட்டிய கூரை ஒன்று இருக்கிறது. அதற்கு ஒரு மீட்டர் கீழே 32,768 காட்மியம் துத்தநாகம் டெலூரைடு உணரிகள் தரைபோல விரிந்திருக்கின்றன. இதை மாணவர்களுக்கு விளக்க நான் படம் வரைவதில்லை. பள்ளிக்கு வெளியே டீக்கடையின் கீற்றுக் கொட்டகைக்கு அழைத்துக்கொண்டு போகிறேன். பழைய கீற்றின் ஓட்டைகள் வழியே தரையில் வெயில் பொட்டுப் பொட்டாக விழுந்திருக்கும். காலையில் ஒரு கோலம், பத்து மணிக்கு அதே கோலம் மேற்கேயிருந்து சற்று நகர்ந்து. கூரையின் ஓட்டைகள் எங்கெங்கே உள்ளன என்று முன்கூட்டியே தெரிந்துவைத்திருந்தால், சூரியனை நிமிர்ந்து பார்க்காமலே, தரையிலுள்ள கோலம் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பதை அளந்து அது நிற்கும் இடத்தைச் சொல்லிவிடலாம். ஸ்விஃப்ட்டின் கணினி சில நொடிகளில் செய்வது இதைத்தான். அதனால் அதன் முதல் மடலிலேயே பிழை வட்டம் முழுநிலாவின் ஐந்தில் ஒரு பங்கு அகலத்துக்கு வந்துவிடுகிறது. பிறகு செயற்கைக்கோள் தானே உடம்பைத் திருப்பி, ஒன்றிரண்டு நிமிடங்களில் தன் எக்ஸ் கதிர்த் தொலைநோக்கியை அந்த இடத்தில் நிறுத்தி, சில பாகைவிநாடிகள் (ஒரு பாகைவிநாடி என்பது பாகையில் 3,600இல் ஒரு பங்கு) அளவுக்கு இடத்தைக் குறுக்கி, அடுத்த மடலை அனுப்பும். ஒரே நேரத்தில் வானத்தில் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பகுதியைத்தான் பார்க்க முடியும் என்பதால் ஸ்விஃப்ட் பிடிப்பது ஆண்டுக்கு நூறு சுமார். ஆனால் ஒவ்வொன்றும் காரியத்துக்கு ஆகிற மடல்.

‘வெடிச்சு முடிஞ்ச பிறகு மெயில் வந்து என்ன சார் பிரயோஜனம்?’ என்று ப்ளஸ் ஒன் மாணவி ஒருத்தி கேட்டாள். நியாயமான கேள்வி. வெடிப்பு சில நொடிகளோ சில நிமிடங்களோதான் நீடிக்கும். பதில் 1997 பிப்ரவரி 28இல் இருக்கிறது. இத்தாலியும் நெதர்லாந்தும் சேர்ந்து ஏவிய பெப்போசாக்ஸ் அன்று பதிவான வெடிப்பின் இடத்தில், சில மணி நேரம் கழித்தும் மங்கிக்கொண்டே போகும் எக்ஸ் கதிர்ப் பின்னொளிர்வைக் கண்டது. அந்தப் பின்னொளிர்வை ஒளித் தொலைநோக்கிகளால் பிடித்து நிறமாலை எடுத்தால் செம்பெயர்ச்சி, அதாவது ஒளி சிவப்புப் பக்கம் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்ற அளவு, கிடைக்கும், அதிலிருந்து தொலைவு கிடைக்கும். பாட்சே 2,704 வெடிப்புகளைப் பதிவு செய்து, அவை வானமெங்கும் சீராகப் பரவியிருப்பதைக் காட்டியும், எவ்வளவு தொலைவு என்ற சண்டை ஓயாமல்தான் இருந்தது. பின்னொளிர்வு அதைத் தீர்த்தது. மங்குவதற்கு முன் பிடிக்க வேண்டுமானால் நொடிகள் முக்கியம். 1999 ஜனவரி 23 அன்று இந்தச் சேவையின் அறிவிப்பைப் பெற்ற ரோட்சி என்ற தானியங்கிக் கேமரா, வெடிப்புத் தொடங்கி 22 நொடிகளில் படம் எடுக்கத் தொடங்கியது. வெடிப்பு நடந்துகொண்டிருக்கும்போதே அதன் கண்ணுறு ஒளி, சாதாரண இருகண் நோக்கியில் தெரியும் அளவான ஒன்பதாம் பிரகாச அளவுக்கு எழுந்ததை அது பதிவு செய்தது. மடல் ஐந்து நிமிடம் தாமதித்திருந்தால் அந்த உச்சம் யாருக்கும் தெரிந்திருக்காது.

ஃபெர்மி மடலோடு, விநாடிக்கு எத்தனை துகள் எண்ணப்பட்டது என்ற வரைபடத்துக்கு ஓர் இணைப்பும் வரும். எனக்கு மிகவும் பயன்பட்ட பகுதி இதுவே. நல்ல வரைபடங்களைக் கும்பகோணத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் பெரிதாக எடுத்துக்கொள்வேன். முதல் முறை எடுத்தபோது கடைக்காரர் தாளைத் தூக்கிப் பார்த்து, ‘யாருக்கு சார் ஈ.சி.ஜி.? இப்படித் தூக்கிப் போட்டிருக்கே’ என்று கவலையோடு விசாரித்தார். அவர் சொன்னது பொருத்தம்தான். ஒன்று ஒரே கூர்முனையாக எழுந்து அடங்கும். ஒன்று நாலைந்து முறை துள்ளும். ஒன்று மெதுவாக எழுந்து சட்டென விழும். இரண்டு வரைபடம் ஒன்றுபோல இருந்து நான் பார்த்ததில்லை. மாணவர்கள் கட்டங்களை எண்ணி, மொத்த எண்ணிக்கையில் 5 விழுக்காடு சேர்ந்த நேரத்திலிருந்து 95 விழுக்காடு சேர்ந்த நேரம் வரையிலான கால அளவைக் கண்டுபிடிப்பார்கள். அது இரண்டு விநாடிக்குக் குறைவானால் இரு நியூட்ரான் விண்மீன்கள் மோதியதாகவும், அதிகமானால் பெருவிண்மீன் ஒன்று தன்னுள் சரிந்ததாகவும் கொள்வது பொதுவான வழக்கம். 2017 ஆகஸ்ட் 17 அன்று ஈர்ப்பலை வந்து 1.7 விநாடி கழித்து ஃபெர்மி பதிவு செய்த குறுவெடிப்பு, மோதல் என்ற பாதியை ஐயமின்றி நிறுவியது. ஆனால் 2023 மார்ச் 7 அன்று வந்த வெடிப்பு அரை நிமிடத்துக்கும் மேல் நீண்டும் மோதலின் அடையாளங்களைக் காட்டியது. அத்தகைய மோதலில் உருவாகும் டெலூரியம் என்ற தனிமத்தை ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அதன் எச்சத்தில் கண்டது. அந்த மடல் நம் நேரப்படி இரவு ஒன்பதே கால் மணிக்கு நிகழ்ந்த வெடிப்புக்கானது. அதை வைத்துக்கொண்டு இரண்டு விநாடி விதியைக் கரும்பலகையிலிருந்து அழிக்கவும் இல்லை, அப்படியே விடவும் இல்லை. பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன்.

இந்தச் சேவையில் நான் மிக மதிப்பது, பிழையை மறைக்காமல் இருப்பது. ‘முந்தைய மடலில் சொன்னது காமா கதிர் வெடிப்பு அன்று’ என்று திருத்த மடல்கள் வரும். சூரியத் தீப்பிழம்பாக இருக்கலாம். பூமியைச் சூழ்ந்த காந்தப்புலத்தில் சிக்கிய துகள்கள் படிகத்தில் மோதியதாக இருக்கலாம். நம் இடியுடன் கூடிய மழைமேகங்களிலிருந்து மேல்நோக்கிக் கிளம்பும் காமா மின்னலாகக்கூட இருக்கலாம். தவறான மடலும் திருத்தமும் அருகருகே ஆவணக் காப்பில் அப்படியே இருக்கும்.

அந்தக் காப்பை ஒருவர் எப்படிப் படிக்க வேண்டும் என்பதற்கு அதே புரட்டாசிப் பௌர்ணமியே சிறந்த பாடம். தானியங்கி அறிவிப்புகள் தவிர, ஆய்வாளர்கள் கைப்பட எழுதும் சுற்றறிக்கைகளும் ஜி.சி.என்.இல் உண்டு, அவற்றை வரிசையாகப் படித்தால் ஒரு துப்பறியும் தொடர்கதை. நம் நேரம் மாலை 6 மணி 47 நிமிடத்துக்கு ஃபெர்மியைத் தட்டியெழுப்பியது ஒரு சிறிய முன்துடிப்பு மட்டுமே. உண்மையான வெள்ளம் மூன்று நிமிடத்துக்கும் மேல் கழித்து வந்தது. கருவி எண்ணி மாளாமல் திணறிப்போகும் அளவுக்கு வந்தது. ஸ்விஃப்ட்டின் பார்வைக்குள் அந்த இடம் வந்ததோ இரவு 7 மணி 40 நிமிடத்துக்கு. அந்த இடம் பால்வீதிப் பட்டைக்கு மிக அருகில் இருந்ததாலும், ஏறக்குறைய ஒரு மணி நேரம் கழித்தும் அவ்வளவு பிரகாசமாக இருந்ததாலும், ஸ்விஃப்ட் குழு அதை நம் பால்வீதிக்குள்ளேயே தோன்றிய புதிய எக்ஸ் கதிர் மூலம் என்று அறிவித்தது. ஃபெர்மி கண்டதும் ஸ்விஃப்ட் கண்டதும் ஒன்றே என்று பொருத்திப் பார்த்தபோதுதான், வாசலில் கேட்ட சத்தம் அடுத்த ஊர்க் கோயில் வேட்டு அல்ல, வானத்தின் மறுகோடியில் வெடித்தது என்பது புலப்பட்டது. பிறகு செம்பெயர்ச்சி 0.151 என்று சிலியிலிருந்து வந்தது; சீனாவின் லாசோ தரை ஆய்வகம் முதல் 3,000 விநாடிகளில் மிக உயர் ஆற்றல் துகள்களை 64,000க்கு மேல் எண்ணியது; பூமியின் அயனி மண்டலமே கலங்கியது பதிவானது. எல்லாம் தேதி, மணி, கையொப்பத்தோடு இன்றும் கிடைக்கிறது. பாடநூலில் முடிவு மட்டும்தான் இருக்கும். தடுமாறியதும் தேறியதும் இங்கேதான் இருக்கின்றன.

நம் நாட்டு விண்வெளித் தொலைநோக்கியான ஆஸ்ட்ரோசாட்டின் சுற்றறிக்கைகளும் இதில் வருகின்றன. 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட அதன் காட்மியம் துத்தநாகம் டெலூரைடு படமாக்கி, கண் திறந்த அக்டோபர் 6ஆம் தேதியே ஒரு வெடிப்பைப் பதிவு செய்தது. 2022 மே மாதத்தில் ஐந்நூறாவதை எட்டியது. நேராகப் பார்க்கும் பகுதி சிறியது என்றாலும், 100 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேலான கதிர்களுக்கு அதன் பக்கச் சுவர்கள் கண்ணாடிபோல ஆகிவிடுவதால் எந்தப் பக்கமிருந்து வந்தாலும் எண்ணிவிடும். கதிர்களின் முனைவாக்கத்தை, அதாவது அவை எந்தத் திசையில் அதிர்கின்றன என்பதை, அளப்பது அதன் தனிச்சிறப்பு. தரவு தரைக்கு வந்து அலசிய பிறகே எழுதப்படுவதால் இந்தச் சுற்றறிக்கைகள் உடனடியானவை அல்ல. ஆனால் வகுப்பில் நம் நாட்டுச் செயற்கைக்கோளின் பெயரை வாசிக்கும்போது மாணவர்கள் நிமிர்ந்து உட்காருவதை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன்.

குறைகளுக்கு வருகிறேன். முழுக்க ஆங்கிலம், அதுவும் இயந்திரத்துக்கு எழுதிய ஆங்கிலம். புதிதாக வருபவருக்கு ஒவ்வொரு வரிக்கும் பொருள் சொல்லும் எளிய கையேடு அந்த மடலோடு வருவதில்லை. வரிகளைப் பழகிக்கொள்ள எனக்கு மூன்று மாதம் ஆயிற்று. நம் நேரத்துக்கு மாற்றித் தரும் வசதி மின்னஞ்சலில் இல்லை. சுற்றறிக்கை எழுத விரும்பினால் ஏற்கெனவே எழுதும் உரிமையுள்ள ஒருவர் பரிந்துரைக்க வேண்டும். தேவையான கட்டுப்பாடுதான், ஆனால் ஒரு பள்ளிக்குழு தான் கண்டதைச் சொல்ல நேர்வழி இல்லை.

இதைப் பார்த்துத் தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடலாம் என்று நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. என்னிடம் ஆறு அங்குலத் தொலைநோக்கி இருக்கிறது. ஸ்விஃப்ட் மடலை நம்பி ஒன்பது முறை திருப்பிப் பார்த்தேன். ஒரு முறையும் எதுவும் தெரியவில்லை. பின்னொளிர்வுகளில் பெரும்பாலானவை அந்த அளவுக் கருவிக்கு எட்டாத மங்கலானவை. அதோடு வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இந்தப் பக்கம் வானம் திறப்பதே அரிது. மற்ற மாதங்களில் வாய்க்கால், வயல் எல்லாம் எழுப்பும் ஈரப்பதம். 2008 மார்ச் 19 அன்று வெறுங்கண்ணுக்கே தெரியும் அளவுக்கு ஒரு வெடிப்பு சில நொடிகள் ஒளிர்ந்தது என்பது உண்மை. நமக்கு அப்போது பகல் 11 மணி 42 நிமிடம்.

ஸ்விஃப்ட்டின் வயதும் கவலை தருகிறது. 2024இல், திசை திரும்புவதை உணரும் மூன்று சுழல்காட்டிகளில் ஒன்று தளர்ந்துபோக, இரண்டை வைத்தே இயங்கும்படி மென்பொருளை மாற்றினார்கள். சூரியச் செயல்பாடு மிகுந்து மேல் காற்றுமண்டலம் உப்பியதால் அதன் சுற்றுப்பாதையும் எதிர்பார்த்ததைவிட வேகமாக இறங்குகிறது. மேலே தூக்கிவிட ஒரு தனியார் நிறுவனத்துக்கு நாசா 2025 செப்டம்பரில் ஒப்பந்தம் அளித்தது. 2024இல் ஏவப்பட்ட சீனாவின் ஐன்ஸ்டீன் புரோப், சீனாவும் பிரான்சும் சேர்ந்து செய்த ஸ்வோம் ஆகியவற்றின் கண்டுபிடிப்புகளும் இப்போது சுற்றறிக்கைகளில் நிறைய இடம் பிடிக்கின்றன என்பதால் பெட்டி காலியாகிவிடாது.

பதிந்துகொள்ள விரும்புவோருக்கு என் யோசனை இது. முதல் ஆறு மாதத்துக்கு இரண்டே கட்டங்களில் குறியிடுங்கள்: ஃபெர்மியின் இறுதித் திசை மடல், ஸ்விஃப்ட்டின் எச்சரிக்கைத் தொலைநோக்கி மடல். சுற்றறிக்கைகளை மின்னஞ்சலில் வாங்காதீர்கள். பெரிய வெடிப்பு வந்தால் இணையதளத்தில் போய் வரிசையாகப் படித்துக்கொள்ளலாம். தனி மின்னஞ்சல் முகவரி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், இரவில் அதன் ஒலியை அணைத்துவிடுங்கள். நான் அணைப்பதில்லை. முறைத் தண்ணீர் ராத்திரி இரண்டு மணிக்கு வரும் நாட்களில் எப்படியும் விழித்துத்தான் இருக்கிறேன். மடை மாற்றிவிட்டு, சேற்றுக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, 19,800ஐக் கூட்டிப் பார்ப்பேன்.